ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போனது ஒரு திங்கட்கிழமை காலை. பால் சேர்க்காத கடுங்கோப்பி, கோப்பிக்கடையில் குவளையில் ஊற்றித் தருவார்களே, அதே நிறம். பார்த்ததும் பயந்திருக்க வேண்டும். நான் பயப்படவில்லை. முதல் நாள் வெயிலில் பந்து ஆடியதில் உடம்புச் சூடு ஏறிவிட்டது, ஓர் இளநீர் குடித்தால் இறங்கிவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பப் பார்த்தேன். கால் நகரவில்லை. இரண்டு தொடைகளும் வீங்கிக் கல்லாகக் கிடந்தன. கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

வசந்தி வந்து பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் தன் தம்பிக்கு ஃபோன் போட்டாள். “தினேஷ், காரை எடுத்துட்டு உடனே வாடா. அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்.”

இந்தத் தினேஷைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். என் உடம்புக்கு வந்ததையும் சொல்கிறேன், அது யாருக்காவது பயன்படலாம். ஆனால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வீடு புக்கிட் மேராவில். பள்ளிக்கூடத்தில் இடதுபக்க ஆட்டக்காரனாக இருந்தேன். தேசிய சேவைப் படைப்பயிற்சி, வேலை, கல்யாணம், மகள் என்று வரிசையாக வந்ததில் காற்பந்து தொலைக்காட்சிக்குள் போய்விட்டது. போன ஆண்டு பழைய பள்ளித் தோழர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் கம்பி வேலி போட்ட சின்னத் திடல் ஒன்று உண்டு. பக்கத்துக்கு ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

முதல் ஞாயிறு அரைமணி நேரம் ஆடினேன். இருபது வருடத்துக்குப் பிறகு என் காலிலிருந்து போன பந்து ஒன்று வலையைத் தொட்டது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் பக்கவாட்டில் நண்டு நடை நடந்தேன். என் மகள் யாழினி அதை வீடியோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள்.

எங்களோடு ஆட வேலு என்று ஒருவர் வருவார். துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை, அங்கேயே தங்கும் விடுதியில் இருப்பவர், சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். நான் நொண்டுவதைப் பார்த்து இரண்டாவது ஞாயிறு தன் பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்துக் கொடுத்தார்.

“போடுங்கண்ணே. நம்ம ஊரு மாத்திரை. இங்க கடைல விக்கிற பனடோல் மாதிரி சப்புன்னு இருக்காது, கேக்கும்.”

கேட்டது. ஒருமணி நேரம் ஓடினேன். மறுநாளும் வலி இல்லை. அதற்குப் பிறகு அவர் விடுப்பில் ஊருக்குப் போனபோது, பத்து அட்டை வாங்கிவரச் சொன்னது நான். அவராகக் கொண்டுவரவில்லை, நான் சொல்லி வாங்கி வந்தார். இதை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஊரிலிருந்து வரும் யாரிடமாவது மாத்திரை, தைலம், களிம்பு வாங்கிவரச் சொல்வது எங்கள் வீடுகளில் ஊறுகாய் வாங்கிவரச் சொல்வதுபோலத்தான். யாரும் அதை மருந்து என்றே நினைப்பதில்லை. அந்த அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் படித்தேன். படித்துவிட்டுப் பந்துப் பையின் முன்பக்க ஜிப்பில் வைத்தேன். ஞாயிறுதோறும் ஆட்டத்துக்கு முன்னால் முழங்கால் பிடித்தவன், இடுப்பு பிடித்தவன் எல்லாரும் என் முன்னால் கையை நீட்டுவார்கள். ஒன்றொன்றாகப் பிய்த்துக் கொடுப்பேன். “வந்துட்டாருய்யா டாக்டரு” என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பந்து ஆடுவதைவிடவும் அது பிடித்திருந்தது.

தினேஷை ஆட்டத்துக்கு இழுத்ததும் நான்தான். வசந்தியைவிட ஐந்து வயது இளையவன், நாற்பது. தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறான். முப்பத்து மூன்று வயதிலேயே அவனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. “அவனைக் கூப்பிடாதீங்க, உடம்பு தாங்காது” என்று வசந்தி சொன்னாள். “ஓடினா சுகர் இறங்கும், நான் பாத்துக்கறேன்” என்றேன். அந்த ஐந்து வார்த்தைகளைத்தான் பிறகு ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துப் படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னைத்தான் கேட்டான். “அத்தான், நான் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை ரெண்டும் போடறேன். இதப் போடலாமா?”

“தலைவலி மாத்திரை மாதிரிதான்டா. நானே போடறேன்ல?” என்றேன்.

அவன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். நான் சொன்னதைக் கேட்பவன் அவன். அக்கா புருஷன் என்றால் அவனுக்கு அவ்வளவு மரியாதை.

இப்படி நான்கு மாதம் ஓடியது. பிறகு வந்தது அந்த ஞாயிறு. விடுதியிலிருந்து வேலு தன் கூட்டாளிகளை அழைத்து வந்திருந்தார், எல்லாருக்கும் முப்பதுக்குள் வயது. நாங்கள் ஆறு ஆட்டம் ஆடினோம். எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்ததால் ஆறையும் நான் முழுதாக ஆடினேன். கொஞ்சம் வெளியே உட்காரலாம் என்றால் எனக்கு மானப் பிரச்சினை. காலையில் இரண்டு, நடுவில் ஒன்று என்று மூன்று மாத்திரை. தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்தது. அதன் பலன்தான் திங்கட்கிழமைக் கோப்பி.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் தினேஷ் எங்களை இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். எண் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈசிஜி பார்த்தார்கள். காலுக்குத்தானே வந்தேன், நெஞ்சை எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் முதல் பயம் வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஓர் இளம் சீன டாக்டர் வந்தார், பெண். பொறுமையாக ஆங்கிலத்தில் விளக்கினார். நோயின் பெயர் ராப்டோமயோலைசிஸ். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. பழக்கமில்லாத உடம்பை வெயிலில் அளவுக்கு மீறி வருத்தினால் தசை உடைந்துபோகும். உடைந்த தசையிலிருந்து வரும் ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. சிறுநீரகம் ஒரு வடிகட்டி. அந்தப் பொருள் வடிகட்டியை அடைத்துக் கெடுக்கிறது. பொட்டாசியமும் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பு குழம்பும், அதற்குத்தான் ஈசிஜி. நிறைய உப்புநீரை நரம்பு வழியாக ஏற்றிக் கழுவிவிட வேண்டும். சில நாள் வார்டில் இருக்க வேண்டும்.

பிறகு மருந்துகளின் பட்டியல் கேட்டார். கொழுப்புக்கு ஒரு மாத்திரை போடுவதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

“வேறு ஏதாவது? பாரம்பரிய மருந்து, வெளிநாட்டு மருந்து, வலி மாத்திரை?”

வசந்தி என் பக்கத்தில், என் கைப்பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி மாத்திரை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வியை டாக்டர் கேட்கமாட்டார், அவள் கேட்பாள். தினேஷுக்கும் கொடுத்தீங்களா என்று கேட்பாள்.

“இல்லை” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். அதைச் சொல்ல நான் திணறக்கூட இல்லை.

வார்டில் ஆறு கட்டில். எனக்கு ஜன்னல் ஓரம். இரண்டு கையிலும் ஊசி, இரண்டு பக்கமும் டிரிப். குடிக்கும் தண்ணீருக்கும் கணக்கு, போகும் சிறுநீருக்கும் கணக்கு. பிளாஸ்டிக் குடுவையில் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். ஸ்டெல்லா என்ற தாதி வந்து அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். திருநெல்வேலிக்காரர், சிங்கப்பூர் வந்து மூன்று வருடமாகிறது. “இன்னைக்கு டீ கலருக்கு வந்துட்டுண்ணே, நாளைக்கு எலுமிச்சை ஜூஸ் ஆயிரும் பாருங்க” என்பார். என் வாழ்நாளில் என் சிறுநீரை அவ்வளவு அக்கறையாக இன்னொருவர் பார்த்ததில்லை.

இரவில் தூக்கம் வராது. டிரிப் முடிந்தால் இயந்திரம் கத்தும், எதிர்க்கட்டில்காரர் இருமுவார், விடிவதற்கு முன்பே ரத்தம் எடுக்க வந்துவிடுவார்கள்.

கிரியாட்டினின் என்று ஒரு எண் உண்டு. உடம்பில் சேரும் கழிவு அது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் அந்த எண் குறைவாக இருக்கும், வேலை செய்யாவிட்டால் ஏறும். எனக்குச் செவ்வாய் ஏறியது, புதனும் ஏறியது. இவ்வளவு உப்புநீர் ஏற்றியும் ஏன் ஏறுகிறது என்று பெரிய டாக்டருக்குப் புரியவில்லை. வியாழக்கிழமை காலை அவரே வந்து கட்டில் ஓரமாக நின்று மறுபடி கேட்டார். வலி மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை, உறுதியாகத் தெரியுமா?

“இல்லை டாக்டர்” என்றேன்.

முதல் முறை பயத்தில் சொன்னது. இரண்டாம் முறை, முதலில் சொன்னதைக் காப்பாற்றச் சொன்னது. இரண்டாவதுதான் பெரிய குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் என் பக்கத்தில் நின்ற வசந்தியைப் பார்த்துச் சொன்னார். ஏறிக்கொண்டே போனால் கொஞ்ச நாளைக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும், அதாவது இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. வீட்டுக்குப் போன பிறகும் வலி மாத்திரை பக்கமே போகக் கூடாது. பலருக்கு அது தெரியாது, கடையில் வாங்கி மிட்டாய்போலச் சாப்பிடுகிறார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே அது குறைத்துவிடும்.

“சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. வலி தெரியாது, ஒன்றும் தெரியாது. தெரியும்போது பாதி போயிருக்கும்” என்றார்.

வசந்தி பணிவாகத் தலையாட்டினாள். எனக்குக் காது அடைத்துப்போனது. டயாலிசிஸ் என்ற சொல்லுக்கு நான் பயந்தேன் என்று அவள் நினைத்து என் தோளைப் பிடித்தாள்.

அந்த நேரத்தில் என் மனம் செய்த கணக்கை எழுதிவிடுகிறேன். தினேஷ் ஞாயிறு மட்டும்தான் போடுகிறான். இன்று வியாழன். அடுத்த ஞாயிறு வரை நேரம் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் அவனிடம் தனியாகச் சொல்லிவிடலாம், வசந்திக்குத் தெரிய வேண்டாம். குறுஞ்செய்தி அனுப்பினால் அக்காவிடம் காட்டிவிடுவான், அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. ஆகவே நேரில். இப்படி ஒரு திட்டம் போட்டு, அதற்குள் நான் நல்லவனாகவும் ஆகிவிட்டேன்.

ஆனால் தினேஷ் தனியாக வரவே இல்லை. தினமும் வேலையை நடுவில் விட்டுவிட்டு வசந்தியைக் காரில் ஏற்றி வருவான், கொண்டுபோய் விடுவான். ஆஸ்பத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை என்று தேக்கா சந்தைக்குப் போய் இட்லி வாங்கி வந்தான். உப்புக் குறைவாக என்று சொல்லித் தனியாக வாங்கியிருந்தான். என் ஃபோன் சார்ஜர் வயர் எட்டவில்லை என்று நீளமான வயர் வாங்கி வந்தான். யாழினியைத் தினமும் கல்லூரியில் இறக்கிவிட்டான். நான் குளிக்க முடியாமல் இருந்தபோது ஈரத் துண்டால் என் முதுகைத் துடைத்துவிட்டான்.

“ஏன் அத்தான் அழுவுறீங்க? எல்லாம் சரியாயிடும்லா” என்றான்.

வெள்ளிக்கிழமை வசந்தி சைனாடவுன் மாரியம்மன் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். குங்குமத்தை என் நெற்றியில் வைத்தாள். என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் மட்டும் செய்ததாகச் சொன்னாள். “தினேஷ் பேருக்கும் செஞ்சிருக்கலாமே” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “அவனுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான்?” என்றாள்.

அதே நாள் என் எண் முதல்முறையாக இறங்கியது. வசந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை இரண்டு பேரும் வந்தார்கள். தினேஷ் கிளம்பும்போது சொன்னான். “நாளைக்கு உங்க எடத்துல லெஃப்ட்ல நான்தான் அத்தான். பந்துப் பை என்கிட்டதான் இருக்கு, ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க.”

“விளையாட வேணாம்டா இந்த வாரம்” என்றேன்.

“ஏன்?”

வசந்தி தட்டைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். “வெயிலா இருக்கு” என்றேன். அவன் சிரித்தான். சிங்கப்பூரில் என்றைக்கு வெயில் இல்லாமல் இருந்தது?

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவனுக்கு ஃபோன் செய்தேன். விடிந்ததிலிருந்து கையிலேயே வைத்திருந்தேன், தைரியம் வர அவ்வளவு நேரம் ஆனது.

“தினேஷ், அந்த மாத்திரையைப் போடாத. பையில இருக்கறத அப்படியே தூக்கிக் குப்பைல போடு.”

“இப்பதானே அத்தான் போட்டேன்.”

“எத்தன?”

“ரெண்டு. ஏன், என்னாச்சு?”

“இனிமே போடாத. வாரத்துக்கு ஒரு நாள்னாலும் வேணாம்.”

“வாரத்துக்கு ஒரு நாளா? நான் டெய்லி காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடறேனே. பன்னெண்டு மணி நேரம் கார்ல உக்காந்தா முதுகு விட்டுப் போவுது. நீங்க ஞாயித்துக்கெழம குடுக்கறது பத்தாம வேலுகிட்ட சொல்லி நானே வாங்கிக்கிட்டேன். மூணு மாசம் இருக்கும். நல்ல மாத்திரைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஞாயிறு வரை நேரம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்ட வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவன் காலையும் இரவும் போட்டிருக்கிறான். வியாழக்கிழமை டாக்டர் பேசி முடித்த அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருந்தால் அந்த மாத்திரைகளாவது அவன் உடம்புக்குள் போயிருக்காது. ஐந்தாறு மாத்திரையில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்வதில்லை.

மணியை அழுத்தினேன். ஸ்டெல்லா வந்தார். முதலில் அவரிடம்தான் சொன்னேன், அழுதுகொண்டே. அவர் திட்டவில்லை. “மொத நாளே சொல்லியிருக்கணும்ண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். டாக்டர் வந்து எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு சலிப்பு இருந்தது. உங்கள் மைத்துனரை இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள் என்றார். மறுபடி அழைத்தேன், தினேஷ் எடுக்கவில்லை, ஆட்டம் தொடங்கியிருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு வசந்தி சாப்பாடு கொண்டு வந்தாள். டப்பாவைத் திறக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த விதம் இன்னும் கூசுகிறது. “வேலு ஊர்லேருந்து ஒரு மாத்திரை கொண்டாந்து குடுத்தாரு” என்றுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது. வேறொருவன் தலையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினேன். நடுவில் எனக்கே தாங்கவில்லை. “இல்ல, நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். நான்தான் தினேஷுக்கும் குடுத்தேன்” என்றேன். முழுதும் சொன்னேன்.

அவள் கேட்டது இரண்டே கேள்வி.

“போடலாமான்னு அவன் உங்களக் கேட்டானா?”

“கேட்டான்.”

“டாக்டரு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரே, வியாழக்கிழமை. சுகர் இருக்கறவங்களுக்கு ஆகாதுன்னு. அப்ப நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“ஆமா.”

டப்பாவை மேசைமேல் வைத்தாள். தன் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நடைபாதையில் அவள் ஃபோனில் பேசும் சத்தம் கேட்டது. “தினேஷ், விளையாடுனது போதும், அங்கேயே இரு, நான் வர்றேன்.” அன்று சாயங்காலம் அவனை அதே ஆஸ்பத்திரியில், எனக்கு இரண்டு மாடி மேலே படுக்க வைத்தார்கள்.

எனக்கு எண் வேகமாக இறங்கியது. புதன்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெளியே வந்ததும் நேராக அவன் வார்டுக்குப் போனேன். அவன் கையிலும் டிரிப். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, “இந்த நாற்காலில உக்காருங்க அத்தான், கால் வலிக்கும்” என்றான்.

“மன்னிச்சிருடா” என்றேன்.

“நான் என்ன சின்னப் புள்ளையா? நானும்தானே போட்டேன். டெய்லி போடச் சொன்னது நீங்க இல்லையே.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அக்கா உங்ககிட்டப் பேசுதா?”

“தேவைக்குப் பேசுறா.”

“பேசும்லா. நான் சொல்றேன்.”

அவன் என்னை நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் வேலு துவாஸிலிருந்து பஸ், ரயில் என்று மாறி மாறி என் வீட்டுக்கு வந்தார். ஒரு பை ஆரஞ்சு. வாசலிலேயே நின்றுகொண்டு, “என்னாலதான்ண்ணே எல்லாருக்கும்” என்றார். ஒரு வாரமாகத் தூங்கவில்லையாம், போலீஸ் கேஸ் ஆகிவிடுமா என்று பயந்திருக்கிறார். உள்ளே இழுத்து உட்காரவைத்து, வசந்தியின் முன்னால் சொன்னேன், அவர்மேல் தப்பே இல்லை, கேட்டவனும் நான், கொடுத்தவனும் நான் என்று. அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

தினேஷுக்கு எண் கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. சிறுநீரகம் ஏறக்குறைய பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். சர்க்கரை ஏற்கெனவே அரித்திருக்கும், எத்தனை பங்கு சர்க்கரையால், எத்தனை பங்கு மாத்திரையால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் மூன்று முறை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றால் முடியாதுதான். எனக்கு ஒரு அளவு தெரிந்தால் போதும் என்று இருந்தது, இவ்வளவுதான் உன் பாவம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதைச் சுமந்துகொள்ளலாம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நடுவயதில் பந்து ஆடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், தண்ணீர் குடியுங்கள், முடியாதபோது வெளியே வந்து உட்காருங்கள். டாக்டர் வேறு ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டால், பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் போன வாரம் எனக்குக் கடைசிப் பரிசோதனை. வசந்தி கூட வந்தாள். டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, சிறுநீரகம் புதிதாக இருக்கிறது, இனி வர வேண்டியதில்லை, மெதுவாகப் பந்துகூட ஆடலாம் என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். “உங்களுக்கு முழுசா சரியாயிடுச்சுன்னு அவரு சொன்னப்ப எனக்குச் சந்தோஷமே வரலைங்க. கோவம்தான் வந்துச்சு.”

“எனக்கும்” என்றேன்.

மின்தூக்கி வந்தது. நாங்கள் கீழே இறங்கவில்லை. தினேஷுக்குப் பத்தரைக்கு ரத்தம் எடுக்க நேரம் கொடுத்திருந்தார்கள், அவன் இரண்டு மாடி மேலே காத்திருந்தான். இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அவன் ஆயுள் முழுக்க. மேலே போகும் பொத்தானை அவள் அழுத்தினாள்.